தெற்கு பார்க்கத் திரும்பிய வீடு

மே மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, காலை உணவுக்கும் பதினொரு மணிக்கும் இடையில், எவுஃபேமியா துருஹில்லோவின் வீடு கால்வட்டம் திரும்பித் தெற்கு பார்த்து நின்றது. அடுப்பிலிருந்த பீன்ஸ் ஒரு சொட்டும் சிந்தவில்லை. தண்ணீர்க் குழாய்தான் பிழிந்த துணியாக முறுக்கிக்கொண்டது. ஓஹோ செக்கோ ஊரில் அந்த வாரம் மிளகாய் நாற்று விலை ஏறியிருந்ததால் யாரும் இதைப் பெரிதாகப் பேசவில்லை.

எவுஃபேமியாவின் கணவர் டெல்ஃபீனோ யுரேனியச் சுரங்கத்தில் நுரையீரலைத் தொலைத்தவர். ஆக்சிஜன் இயந்திரம் ஓடினால்தான் அவருக்கு மூச்சு. காற்றடித்தால் ஊரில் மின்சாரம் போகும். இரண்டு முறை அவர் உதடு நீலம் பாரித்துப் பிழைத்திருந்தார். ஏழைகள் வீட்டில் சோலார் வைக்க அரசு மானியம் தருகிறது என்று கேட்டு அவள் மனுப்போட்டாள். அலுவலகத்திலிருந்து ஹோலிஸ் என்பவர் வந்து கூரையை அண்ணாந்து பார்த்தார்.

"கூரை கெழக்கு மேக்கா சரியுதும்மா. தெக்கு பாத்த கூரைக்குத்தான் மானியம்."

"கட்டும்போது எங்க மாமனார் ஒங்கள ஒரு வார்த்தை கேக்காம விட்டுட்டாரு" என்றாள்.

வீடு தெற்கே திரும்பியது அதற்கு மறுநாள்தான். ஹோலிஸ் மறுபடி வந்து திசைகாட்டி வைத்துப் பார்த்து, தெற்கு சரி என்று எழுதிக்கொண்டார்; ஆனால் வாசல் இப்போது தெருவில் இல்லை, முகவரி பொருந்தவில்லை, புது மனு வேண்டும் என்றார். புது மனு பதினொரு மாதம் கிடந்தது. அதற்குள் குன்றின்மேல் ஒரு வங்கிக்காரரின் குதிரை லாயம் மானியத்தில் சோலார் வாங்கிவிட்டது. லாயத்தின் கூரை பிறவியிலேயே தெற்கு பார்த்தது. பிறகு விதி மாறியது: சாயங்கால மின்சாரம்தான் தேவை, மேற்குச் சரிவுக்கு மட்டும் மானியம். யாரும் சொல்லாமலே வீடு பழையபடி திரும்பிக்கொண்டது.

"நகர்ற வீடு வண்டிக் கணக்குல வருதும்மா" என்றார் ஹோலிஸ், புதினா மிட்டாயைக் கன்னத்தில் ஒதுக்கியபடி. "வண்டிக்கு வேற ஆபீஸ்."

"இந்த ஆளு வீணா விடுற மூச்சை என் புருசனுக்குக் குடுத்திருக்கலாம்" என்று எவுஃபேமியா அவர் காதுபடவே சொன்னாள். அவர் கொடுத்த நிராகரிப்புக் கடிதத்தைப் பன்றித் தொட்டியில் போட்டாள். பன்றி முகர்ந்து பார்த்துவிட்டு இரண்டு நாள் தொட்டிப்பக்கமே வரவில்லை.

அடுத்த ஆண்டு வங்கிக்காரர் புது மானியத்தில் புது பேனல் மாட்டினார். லாயத்திலிருந்து கழற்றி எறிந்த ஆறு பேனலைப் பக்கத்து வீட்டு போனிஃபாசியோ லாரியில் ஏற்றிவந்து, சாணத்தைச் சுரண்டிவிட்டு, எவுஃபேமியாவோடு சேர்ந்து கூரையில் மாட்டினான். ஒரு பழைய பேட்டரியையும் தேடிக் கொடுத்தான். மறுநாளிலிருந்து வீடு வெயிலோடு கூடவே திரும்ப ஆரம்பித்தது. ஆகஸ்ட் புயலில் ஊரே இருண்டபோதும் டெல்ஃபீனோவின் இயந்திரம் நிற்கவில்லை. அவர் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து, ஜன்னலில் மெல்ல மாறும் மலைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இதைக் கேள்விப்பட்டு ஹோலிஸ் புகைப்படக்காரரோடு வந்தார். ஆண்டறிக்கைக்குப் படம் வேண்டுமாம்.

"அக்கா, வாசல் எங்கன்னு கேக்குறாங்க" என்றான் போனிஃபாசியோ.

"வீட்டையே கேட்டுக்கச் சொல்லு."

அவர்கள் வீட்டைச் சுற்றினார்கள். வீடும் அதே வேகத்தில் சுற்றியது. அறிக்கையில், திட்டத்தின் வெற்றி என்ற தலைப்பின்கீழ், பின்சுவரும் கழிவுநீர்க் குழாயும் படத்தில் நன்றாகவே விழுந்திருந்தன. வாசல் எப்போது எந்தப் பக்கம் என்று தபால்காரி மட்டும் குறித்து வைத்திருக்கிறாள்: பத்து மணிக்கு முன்னால் கிழக்கே, மூன்றுக்கு மேல் மேற்கே.