பையில் வைத்த லேபிள்

விபசாரத்திலிருந்து வெளியே வந்த பெண்களுக்கு நான் தையல் கூடம் நடத்துகிறேன். தைக்கும் ஒவ்வொரு பையிலும் ஒரு லேபிள் உண்டு. வாங்குகிறவர்கள் மனம் இளகட்டும் என்று அதன் வாசகத்தை எழுதி, நானே மெச்சிக்கொண்டேன்.

படிக்கத் தெரியாத ஒருத்தி எட்டு மாதமாக அதை வைத்துத் தைத்தாள். அவளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்த மகராசியும் நான்தான். இன்று மெஷினை நிறுத்திவிட்டு லேபிளை எழுத்துக்கூட்டி வாசித்தாள்.

"விபசாரத்திலிருந்து மீட்கப்பட்ட பெண் தைத்தது."

எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போலிருந்தது. "மாத்திடலாம்மா," என்றேன்.

"மாத்துங்கக்கா," என்றாள், தலை நிமிராமல். "எம் பொண்ணோட ஸ்கூல் பையிலயும் அழகா இருக்கேன்னு இதை வச்சுத் தச்சுட்டேன். அவ நல்லா வாசிப்பா. ஒரு நாளும் எங்கிட்ட கேட்டதே இல்ல."