பூட்டிக்கொண்ட ஓவன்

காலை ஏழு மணிக்கு அவள் சமையலறைக்குள் வந்தபோது ஓவன் விடாமல் கூவிக்கொண்டிருந்தது. முகப்பில் எஃப்-3 என்று மின்னியது. அது அணைந்தால் ஒரு பூட்டுப் படம், பூட்டு அணைந்தால் மறுபடி எஃப்-3. கைப்பிடியைப் பிடித்து இழுத்தாள். ஒரு காலைக் கீழ் இழுப்பறையில் ஊன்றிக்கொண்டு மறுபடி இழுத்தாள். கதவு இம்மியும் அசையவில்லை.

உள்ளே தட்டுக்கு அடியில் ஒரு பழுப்புக் கவர் இருந்தது. அதற்குள் வேலை உத்தரவு, பட்டச் சான்றிதழ், மருந்தாளுநர் பதிவுச் சான்றிதழ், எல்லாம் அசல். அன்று மதியம் மூன்று மணிக்குள் அந்த அசல்களோடு மருத்துவமனை மருந்தகத்தில் போய்ச் சேர வேண்டும். சேராவிட்டால் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிடுவார்கள் என்று உத்தரவிலேயே போட்டிருந்தது.

சான்றிதழை யாராவது ஓவனில் வைப்பார்களா என்று கேட்கலாம். அந்த வீட்டில் ஒன்பது வருஷம் குடித்தனம் செய்து பார்த்துவிட்டுக் கேட்க வேண்டும். அவள் கணவருக்கு ஒழுங்கு என்றால் உயிர். ஞாயிற்றுக்கிழமை தோறும் அலமாரிகளை அடுக்குவார், அவளுடைய கைப்பையைக் கொட்டித் துடைத்துத் திருப்பி அடுக்கித் தருவார். அப்படி அடுக்கியதில்தான் அவளுக்கு வந்த முதல் வேலைக் கடிதம் பழைய பேப்பரோடு போனது. இரண்டாவது வேலைக்குப் போனில் அழைப்பு வந்தது. எடுத்தவர் அவர். சொல்ல மறந்து, நான்காவது நாள் சாப்பிடும்போது ஞாபகம் வந்து சொன்னார். பாவம், அவருக்கு எவ்வளவோ யோசனை.

ஒரு தடவைகூட வேலைக்குப் போகாதே என்று அவர் சொன்னதில்லை. அதுதான் அதிலுள்ள சாமர்த்தியம். "உனக்கெதுக்குப் பாப்பா சிரமம்" என்பார், அவ்வளவுதான். முப்பத்தாறு வயதில் அவள் பாப்பா. அதட்டினால் பதிலுக்கு அதட்டலாம், அடித்தால் நாலு பேரிடம் சொல்லலாம். தலையைத் தடவிக்கொடுப்பவரைப் பற்றி யாரிடம் போய் என்னவென்று சொல்வது?

அதனால்தான் இந்த மூன்றாவது வேலையை அவள் மூச்சு விடாமல் தேடினாள். அவர் ஆபீஸில் இருந்த நேரத்தில் நேர்காணலுக்குப் போய் வந்தாள். அந்த வீட்டில் அவள் மட்டுமே தொடுகிற ஒரே கதவு ஓவன் கதவு. ரொட்டி சுடும் நாளில் கவரை எடுத்துவிட்டு, ஆறியதும் திரும்ப வைப்பாள். பத்து நாளாக அது அங்கேதான் இருந்தது.

"என்னாச்சு பாப்பா?" அவர் பல் துலக்கிக்கொண்டே வந்தார். "ஓ, அதுவா. மணி தப்பாக் காட்டுச்சு, சரி பண்ணலாம்னு பாத்தேன். கை தவறி எதுலயோ பட்டுடுச்சு."

அன்று அவர் லீவு. தலைவலி என்று காலையில்தான் போட்டிருந்தார். அவர் வீட்டில் இருக்கும்போது வாசல் கதவு உள்பக்கமாகப் பூட்டியிருக்கும், சாவி அவர் சட்டைப் பையில் இருக்கும். பத்திரத்துக்காகவாம்.

அவர் குளிக்கப் போன நேரத்தில் அவள் மெக்கானிக்கைக் கூப்பிட்டுவிட்டாள். துண்டோடு வெளியே வந்தவர், "கூப்பிட்டுட்டியா? அடுத்த வாரம் பாத்திருக்கலாமே" என்றார். கோபமே இல்லை. தலையை மட்டும் லேசாக ஆட்டிக்கொண்டார்.

மெக்கானிக் வந்தபோது மணி பன்னிரண்டே கால். அதுவரை அவள் காய் நறுக்கினாள், நறுக்கிய காயையே மறுபடி நறுக்கினாள். வந்தது ஒரு பெண்மணி. ஐம்பதைத் தாண்டியவர், கனத்த உடம்பு, இரண்டு முழங்காலிலும் பட்டை. அவர் உள்ளே வந்ததும் கணவர் கதவைப் பூட்டிச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டார். மெக்கானிக் அதைப் பார்த்தார்.

"உள்ள ஒரு கம்பி இருக்கும்மா, பென்சில் மாதிரி. அதுதான் சென்சார்" என்றபடியே ஓவனைச் சுவரிலிருந்து இழுத்தார். "சூடு ஏற ஏற அதுக்குள்ள கரண்டுக்குத் தடை கூடும். அதை வெச்சுத்தான் போர்டு, அதான் இதோட மூளை, சூட்டைத் தெரிஞ்சுக்கும். சமீபமா ரொட்டி ஒழுங்கா வெந்துச்சா?"

"இல்லக்கா. ஒரு நாள் கருகும், ஒரு நாள் மாவா இருக்கும்."

"அப்பவே அது இழுத்துக்கோ பறிச்சுக்கோன்னு இருந்திருக்கு."

மின்சாரத்தை நிறுத்திவிட்டுப் பின் தகட்டைக் கழற்றினார். சென்சாரின் இரண்டு வயர்களிலும் மீட்டரின் முனைகளை வைத்தார். இந்த அறைச் சூட்டுக்கு ஆயிரத்துச் சொச்சம் ஓம் காட்ட வேண்டும் என்றார். மீட்டர் எண்ணே காட்டவில்லை. வயர்களை அசைத்துப் பார்த்தார், இணைப்பைத் துடைத்துப் பார்த்தார். அப்போதும் இல்லை.

"உள்ளுக்குள்ள அறுந்துடுச்சு. அறுந்தா தடை எக்கச்சக்கம் இல்லையா, அதனால போர்டு உள்ள நெருப்பா எரியுதுன்னு நினைக்குது. ஆனா தொட்டுப் பாருங்க, சில்லுனு கிடக்கு. சூடு இறங்கட்டும், அப்புறம் திறக்கறேன்னு அது பாட்டுக்குப் பூட்டிக்கிட்டு உக்காந்திருக்கு."

டார்ச்சை எடுத்துக் கதவின் கண்ணாடி வழியே அடித்தார். அவள் மேடையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"தட்டுக்குக் கீழ என்னமோ பழுப்பா தெரியுதே."

"ரொட்டிக்கு அடியில போடற பேப்பரா இருக்கும்" என்றார் கணவர். அவர் சமையலறை வாசற்படியில் நின்றிருந்தார், குனிந்துகூடப் பார்க்கவில்லை. நல்லவேளை, பார்க்கவில்லை என்று அவளுக்கு உயிர் வந்தது. அந்த ஒரு நிமிஷம் அவர் மேல் அன்புகூடச் சுரந்தது. என்ன செய்வது, ஒன்பது வருஷப் பழக்கம்.

மெக்கானிக் மின்சாரத்தைக் கொடுத்துவிட்டு, படிவத்தை எடுத்து முழங்கால் மேல் வைத்துக்கொண்டார். "எப்படி ஆரம்பிச்சுது?"

"கை தவறிப் பட்டுடுச்சு" என்றார் கணவர்.

"கை தவறினா இது வராதே சார்." மெக்கானிக் எழுதிக்கொண்டே சொன்னார். குத்திக்காட்டிப் பேசவில்லை, தொழிலைப் பேசினார். "இது தானா சுத்தம் பண்ற ஓட்டம். கதவைப் பூட்டிக்கிட்டு நானூத்தி அம்பது டிகிரிக்கு ஏத்தி உள்ள இருக்கறதையெல்லாம் சாம்பலாக்கிடும். அதனால சும்மா தொட்டா எடுக்காது. பட்டனை மூணு செகண்ட் அழுத்திப் பிடிக்கணும். எத்தனை மணி நேரம்னு கேக்கும், அதைப் போடணும். அப்புறம் ஸ்டார்ட். இதோ, நாலு மணி நேரம் போட்டிருக்கு. எட்டு நிமிஷம் ஓடியிருக்கு, அதுக்குள்ள சென்சார் போயிடுச்சு."

அவள் முகப்பைப் பார்த்தாள். மெக்கானிக் அழுத்திய பட்டனுக்கு, மீதி நேரம் 3:52 என்று நின்றிருந்தது. பிறகு கணவரைப் பார்த்தாள். குனியாமலே அது பேப்பர் என்று அவருக்கு எப்படித் தெரிந்தது என்பது அப்போதுதான் உறைத்தது. கத்த வேண்டும் போலிருந்தது. பூட்டிய வீடு, பூட்டிய ஓவன், இரண்டுக்கும் நடுவில் அவள் கையில் ஒரு கரண்டி.

"சரிக்கா" என்றார் அவர், அதே மென்மையான குரலில். "புது சென்சாரைப் பின்பக்கம் மாட்டிடுங்க. ஆரம்பிச்சது ஆரம்பிச்சாச்சு, சுத்தம் பண்றதை அப்படியே முடிச்சுடட்டும். அப்புறமா திறந்துக்கலாம்."

"வேண்டாம்" என்றாள் அவள். குரல் அவளுக்கே கேட்கவில்லை. மறுபடி சொன்னாள். "திறங்கக்கா."

"திறக்காம நான் எப்பவும் சூடேத்த மாட்டேன்மா" என்றார் மெக்கானிக். "ஒரு வீட்டுல பிள்ளையோட செருப்பு உள்ள இருந்துச்சு. மழையில நனைஞ்சுதுன்னு காய வெச்சிருக்காங்க. அன்னிலேர்ந்து என் கண்ணால உள்ள பாக்காம ஒரு ஓவனுக்கும் சூடு கொடுக்கறதில்ல. சார் சொன்னாலும் சரி, கம்பெனி சொன்னாலும் சரி."

புது சென்சாரை உள்ளே பொருத்தவில்லை. பின்பக்க இணைப்பில் மட்டும் செருகி, கம்பியை வெறுமனே காற்றில் தொங்கவிட்டார். அறையின் சூடு எவ்வளவோ அவ்வளவுதான் போர்டுக்குத் தெரிந்தது. ஓட்டத்தை ரத்து செய்தார். எஃப்-3 மறைந்தது. உள்ளே ஒரு சின்ன மோட்டார் முனகியது, டக் என்றது. பூட்டுப் படம் அணைந்தது.

அவள் மெக்கானிக்குக்கு முந்திக்கொண்டு கதவைத் திறந்தாள். கவரின் ஓரங்கள் கருத்திருந்தன, பசை விட்டிருந்தது. பதிவுச் சான்றிதழின் மேல் ஒட்டிய பிளாஸ்டிக் நெளிந்து சுருண்டிருந்தது. பெயரும் எண்ணும் தெரிந்தன. வேலை உத்தரவு முழுசாக இருந்தது.

"என்ன பாப்பா அது?" என்றார் அவர்.

"நாலு மணி நேரம் எதுக்குங்க?" என்றாள் அவள். "இவ்வளவு காகிதம் எரிய பத்து நிமிஷம் போதாதா?"

அவர் முகம் வாடியது. நடிப்பில்லை, உண்மையாகவே வாடியது. "உனக்கெதுக்குச் சிரமம்னுதான்" என்றார்.

மணி ஒன்றரை. அவள் உள்ளே போய்ப் புடவையை மாற்றிக்கொண்டு, கவரை மார்போடு அணைத்தபடி வந்தாள். அதற்குள் மெக்கானிக் சென்சாரை உள்ளே பொருத்தி, ஒரு முறை சூடேற்றிப் பார்த்து, சாமான்களைப் பையில் போட்டிருந்தார். அந்தக் கனத்த பையின் ஒரு காதை அவள் பிடித்தாள். மெக்கானிக் அவளையும் கவரையும் பார்த்துவிட்டு, மறு காதைத் தான் பிடித்துக்கொண்டார்.

வாசல் கதவு பூட்டியிருந்தது.

"கதவைத் திறங்க சார். எனக்கு அடுத்த வீடு இருக்கு."

அவர் சட்டைப் பையில் கை வைத்தார். சாவி அங்கேதான் இருந்தது. ஆனால் கை வெளியே வரவில்லை. "நீங்க கிளம்புங்கக்கா. பாப்பா, நீ இரு" என்றார். "வெளிய வெயில் கொளுத்துது. சூடு இறங்கட்டும், சாயங்காலம் நானே கூட்டிட்டுப் போறேன்."

மெக்கானிக் நகரவில்லை. பையின் காதையும் விடவில்லை.

"நான் வெளியிலேர்ந்துதானே சார் வந்தேன்" என்றார். "அப்படி ஒண்ணும் சூடு இல்ல. திறங்க."