நீலத்துக்கு நேர் கீழே

எந்த உலோகத்தை எதோடு எவ்வளவு கலந்தால் என்ன சேர்மம் கிடைக்கும் என்று கணினியில் கணக்குப் போட்டு, அதை ஒரே வரைபடமாக ஆய்வுக்கூடத்துக்குத் தருவது அவள் வேலை. என்றைக்கும் மாறாமல் நிற்பவை படத்தின் அடிக்கோட்டில் கறுப்புப் புள்ளிகள். வேறொன்றாக மாற வேண்டியவை, வழி தெரியாமல் மேட்டுக் குழியில் தேங்கிய மழைநீர் மாதிரி நிற்பவை, கோட்டுக்கு மேலே சிவப்புப் புள்ளிகள். மற்றவர்கள் சிவப்பைக் காட்டுவதே இல்லை. "காட்டினாத்தானே யாராவது செஞ்சு பார்ப்பாங்க" என்று சண்டை போட்டுச் சேர்த்தவள் அவள்தான்.

ஆய்வுக்கூடத்து உலைக்காரர் அந்தச் சிவப்பில் ஒன்றைச் செய்தும் காட்டினார். நன்றாக உருக்கி, சட்டென்று குளிரவைத்தார். கண்ணைப் பறிக்கும் நீலத்தில் படிகம். வெயிலை அது மின்சாரமாக்கிய வேகத்தைப் பார்த்து எல்லோரும் அசந்து போனார்கள். ஒரு நாள் ரயில் பயணத் தூரத்தில், இன்னொரு கூடத்தில் வேலை பார்த்த அவள் தங்கையும் அதே முறையில் செய்தாள். அங்கேயும் நீலம்.

நீலம் கிடைத்த ஏழாவது மாதம், ஒரு மதியம், புதுக் கணக்கு ஒன்று முடிந்தது. திரையில் நீலத்துக்கு நேர் கீழே இதுவரை யாரும் அறியாத ஒரு கறுப்புப் புள்ளி. அதே உலோகங்கள், அதே அளவு. அணுக்களை அடுக்கிய விதம் மட்டும் வேறு. அவள் அதையே பார்த்துக்கொண்டிருக்கும்போது மேசைமேல் நீலப் படிகம் இருந்த குப்பிக்குள் 'டிக்' என்றது. படிகத்தின் ஓரம் சாம்பல் நிறமாகியிருந்தது. சாம்பல் மெல்ல ஊர்ந்தது. கையிலிருந்த காபி ஆறுவதற்குள் நீலம் துளியும் இல்லை.

மறுநாளுக்குள் கூடத்தில் இருந்த அத்தனை குப்பியும் அப்படியே. உலைக்காரர் புதிதாகச் செய்ததும் சாம்பலாகவே வெளியே வந்தது.

"கை மறந்து போச்சான்னு பார்க்காதம்மா. நாப்பது தடவை செஞ்ச கை இது," என்றார். "அந்தச் சாம்பல்ல ஒரு தூசி போதும். பால்ல ஒரு சொட்டு உறை விழுந்த மாதிரி. இனிமே இந்தக் கட்டடத்துல நீலம் பொறக்காது."

அவள் உடனே தங்கையை அழைத்தாள்.

"உங்கிட்ட இருக்கறது நீலமாத்தான் இருக்கா?"

"பளபளன்னு இருக்குக்கா. ஏன்?"

"இனிமே அது ஒண்ணுதான் மிச்சம். இங்கேருந்து யாரும் அங்க வரக்கூடாது. நானும் வரமாட்டேன். துணி, முடி, பை, எதுல தூசி ஒட்டியிருக்குன்னு யாருக்குத் தெரியும்?"

தங்கை அப்போது ஏழு மாதக் கர்ப்பிணி. அம்மா போய்ச் சேர்ந்த பிறகு இருவருக்கும் பிறந்த வீட்டில் வேறு யாரும் கிடையாது.

"பிரசவத்துக்குமா?" என்றாள். பிறகு அவளே, "சரி, வராதே. நான் பார்த்துக்கறேன்," என்றாள்.

பெண் குழந்தை. பெரியம்மா அதைப் புகைப்படத்தில்தான் பார்த்தாள்.

நாலு மாதம் கழித்துத் தங்கை வேலைக்குத் திரும்பினாள். கட்டுரை எழுதப் புது வரைபடம் வேண்டும் என்றாள். இவள் இன்று நாளை என்று தள்ளிக்கொண்டே போனாள். காரணம் சொல்ல வெட்கமாக இருந்தது. உலைக்காரரிடம் மட்டும் சொன்னாள். அவர் சிரித்துவிட்டார்.

"ஏம்மா, மின்னஞ்சல்ல தூசியா போகும்?"

அனுப்பிவிட்டுத் தொலைபேசியை எடுத்தாள்.

"திறந்துட்டேன்க்கா. ஓ, இதுதான் அந்தக் கறுப்பா? சரியா நேர் கீழ..." தங்கை பாதியில் நிறுத்தினாள். "அக்கா, அலமாரிக்குள்ள என்னமோ டிக்குங்குது."

காலடிச் சத்தம். சாவி திரும்பும் சத்தம்.

"சாம்பலாகுது. முத்திரையே பிரிக்காத குப்பிக்கா," என்றாள் தங்கை.

விஷயத்தைக் கேட்ட உலைக்காரர், "எப்பவோ யார் மூலமாவோ தூசி போயிருக்கும்," என்றார். சொன்னபோது அவர் திரையைப் பார்க்கவில்லை. முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டிருந்தார். "இனிமே உன்னைத் தடுக்க என்ன இருக்கு? போய்க் குழந்தையைப் பார்த்துட்டு வா."

அன்றே ரயில் ஏறினாள். தங்கை கதவைத் திறந்தாள். குழந்தையைக் கையில் கொடுத்தாள். நினைத்ததைவிடக் கனமாக இருந்தது. அதைத் தோளில் போட்டுக்கொண்டு அவள் வீட்டுக் கூடத்தில் முன்னும் பின்னுமாக நடந்தாள்.

"நீ வரவே இல்ல," என்றாள் தங்கை. "அப்புறம் எப்படிக்கா?"

"தெரியலடி."

"படத்துல இன்னும் எத்தனை சிவப்பு இருக்கு?"

"நாப்பத்திரண்டு."

"அதுக்கெல்லாம் கீழ என்ன இருக்குன்னு தேடினியா?"

"இன்னும் தேடல. தேடச் சொல்லி மேலதிகாரி ரெண்டு தடவை கேட்டாச்சு. கணினி பழுதுன்னு பொய் சொல்லிட்டு வந்திருக்கேன்."

தங்கை அவள் பக்கத்தில் வந்து நின்றாள். "பழுதாவே இருக்கட்டும்," என்றாள்.

அதற்குள் குழந்தை பெரியம்மாவின் மூக்குக்கண்ணாடியைப் பிடுங்கி வாயில் வைத்துக்கொண்டிருந்தது.