கூரைமேல் அறுபது கேலன்

மூன்று வாரமாகச் சோலைமலைக்கு ஒரே கவலை, நாற்றம்.

டிக்கோயாவுக்கு மேலே இருந்த அந்தத் தேயிலைத் தோட்டத்தின் துரை, யுத்தம் முடிந்து விலைக்கு விட்ட பட்டாளத்து லொறி ஒன்றை வாங்கி, அதன்மேல் பலகையால் ஒரு வீடு கட்டச் சொல்லியிருந்தார். இரண்டு கட்டில், சமைக்க ஒரு சிறு குசினி, பின்பக்கம் கதவு வைத்த கக்கூஸ். மனைவி பிள்ளைகளோடு அதிலேயே படுத்து எழும்பிக் காலி நகரத்துக் கடற்கரை வரை போய்வர வேண்டும் என்பது அவருடைய ஆசை. பலகை வேலையைத் தச்சர்கள் முடித்துவிட்டுப் போய்விட்டார்கள். தண்ணீரும் கழிவும் தோட்டத்துக் குழாய் வேலைக்காரனான சோலைமலையின் பொறுப்பு.

கக்கூஸுக்கு மூடி போட்ட வாளி. குசினியின் கழிவு நீருக்கு வண்டியின் அடியில் ஒரு தகரத் தொட்டி. அதற்குள் இறங்கும் குழாயை வளைத்து, வளைவில் எப்போதும் ஒரு கை தண்ணீர் தங்கும்படி செய்திருந்தான். அந்தத் தண்ணீர்தான் நாற்றத்துக்குக் கதவு. பங்களாவில் அது அசையாமல் நிற்கும். ஓடுகிற வண்டியில் தளும்பிப் போய்விடாதா? அந்த நினைப்பில் அவனுக்குச் சோறு இறங்கவில்லை. கடைசியில் டயர் டியூபை நாக்குப் போல வெட்டிக் குழாயின் வாயில் பொருத்தினான். தண்ணீர் வந்தால் நாக்கு திறக்கும். பிறகு தானே மூடிக்கொள்ளும்.

நல்ல தண்ணீரைப் பற்றி அவன் யோசிக்கவே இல்லை. துரை வரைந்த படத்தில் தொட்டி கட்டிலுக்கு அடியில் இருந்தது. பக்கத்தில் கையால் அடிக்கிற ஒரு பம்பு. "பம்பு எதுக்குங்க தொரை? மேல வச்சா தண்ணி அதுவா வரும்" என்று சொன்னவன் சோலைமலைதான். பதினெட்டு வருடமாக அவன் போட்ட குழாய்களில் எல்லாம் தண்ணீர் மேலேயிருந்துதான் வந்திருக்கிறது, மலை ஊற்றிலிருந்து பங்களாவுக்கும் தொழிற்சாலைக்கும் லயத்து ஆட்கள் தண்ணீர் பிடிக்கும் பீலிக்கும். தண்ணீருக்கு வேறு வழி இருப்பதாக அவன் நினைத்ததில்லை. அறுபது கேலன் தொட்டியைக் கூரைமேல் ஏற்றி இரும்புப் பட்டை போட்டு இறுக்கினான்.

நேற்று அதை நிரப்பித் துரையே ஓட்டிப் பார்த்தார். வண்டி நிமிர்ந்து போனது. குழாயைத் திறந்தார், மூடினார். கக்கூஸுக்குள் தலையை விட்டு மூக்கை உறிஞ்சினார். "நாத்தம் இல்லே. கெட்டிக்காரன் நீ" என்றார். நாளைக் காலை பெரட்டில் பெயர் கொடுத்து ஆட்கள் மலைக்கு வேலைக்குப் போனதும் பயணம். ஓட்டப்போவது சோலைமலையின் தங்கை புருஷன் வீரய்யா.

இன்று நாலு மணிக்குச் சோலைமலை பீலியில் கைகால் கழுவப் போனான். தங்கை நாகலெட்சுமி பாதிக் குடத்தோடு படி ஏறிக்கொண்டிருந்தாள். பீலியில் தண்ணீர் நூலாக வந்தது; நிறையும்வரை நிற்க அவளுக்குப் பொறுமையில்லை. மூன்றாவது படியில் குடம் இடுப்பில் புரண்டு, அவளை ஒரு பக்கமாக இழுத்துச் சேலையை நனைத்தது.

"சனியன் புடிச்ச கொடம்! நெறைஞ்சா புள்ள மாதிரி ஒட்டிக்கிட்டு இருக்கும். அரைகொறையா இருந்தா ஆளையே தள்ளுது. ஏண்ணே, தொரைக்குக் கூரை மேல தண்ணி குடுத்தீங்களே, தங்கச்சிக்கு இந்த நூலுதானா?"

பீலியடியில் இருந்த பெண்கள் சிரித்தார்கள். சோலைமலை சிரிக்கவில்லை. கையில் இருந்த சவர்க்காரம் நழுவி விழுந்ததையும் கவனிக்கவில்லை.

நேற்றுத் தொட்டி நிறைந்திருந்தது. நாளை மஸ்கெலியாவில் தங்கல். சமையல், பாத்திரம், பிள்ளைகளின் குளிப்பு. மறுநாள் பாதித் தொட்டியோடு கினிகத்தேனை இறக்கம், வளைவுக்குமேல் வளைவு. முந்நூறு இறாத்தல் தண்ணீர், அது ஓடி விளையாடக் கூரைமேல் தொட்டியில் காலி இடம். ஒரு கை தண்ணீர் தளும்புமோ என்று மூன்று வாரம் செத்துப் பிழைத்தவன் இதை நினைக்கவில்லை.

வண்டிக் கொட்டகையில் வீரய்யா கண்ணாடி துடைத்துக்கொண்டிருந்தான்.

"என்ன மச்சான், மூஞ்சி கக்கூஸு வாளி மாதிரி இருக்கு?"

"பாதித் தண்ணியத் தொறந்து விட்டுட்டு, பெக்டரி வளைவு வரைக்கும் போயிட்டு வருவோம்."

"நேத்துத்தான் தொரையே ஓட்டிப் பாத்தாரே?"

"நேத்து நெறைஞ்சு கெடந்துச்சு."

வீரய்யா அவனை உற்றுப் பார்த்தான். பிறகு குழாயைத் திறந்து பாதித் தண்ணீரை வடியவிட்டு ஏறினான். சோலைமலை பக்கத்தில் உட்கார்ந்தான்.

தொழிற்சாலை வளைவு வலப்பக்கம் திரும்பும். இடப்பக்கம் தேயிலைச் சரிவு. வீரய்யா எப்போதும் போலத்தான் வளைத்தான். வண்டி திரும்பிவிட்டது. ஒரு கணம் கழித்துத் தலைக்குமேல் தண்ணீர் வந்து மோதியது. பலகை வீடு முழுவதும் பள்ளத்தின் பக்கம் சாய்ந்தது. வீரய்யாவின் பக்கத்துச் சக்கரங்கள் தரையை விட்டு எழும்பின. பிறகு தண்ணீர் திரும்பி ஓடியது. சக்கரங்கள் தரையில் விழுந்தன. வண்டி நின்றது.



"போற எடமெல்லாம் நெரப்பிக்கிட்டே போயிர்றேன் மச்சான்" என்றான் வீரய்யா, முன்னால் பார்த்தபடியே. "தொரைக்கிட்டச் சொன்னா ஒன்னய வீட்டுக்கு அனுப்பிருவாரு."

"ரோட்டோரத்துல புள்ளைங்க குளிக்கறப்ப நீ கேலன் எண்ணிக்கிட்டு நிப்பியா?"

வீரய்யா கியர் மாற்றினான். வண்டியை ஊர்ந்து ஓட்டிக் கொட்டகைக்குக் கொண்டுவந்தான். சோலைமலை இறங்கிப் பங்களாவின் பின்வாசலுக்கு நடந்தான். கால் தயங்கிய இடங்களில் நின்றுவிடாமல் நடந்தான்.

கதவுக்குள் பெட்டிகள் கட்டி அடுக்கியிருந்தன. துரை வந்தார். அவன் சொன்னான், பெக்டரி வளைவையும் மறைக்கவில்லை.

"நேத்து நல்லா போச்சு. இன்னைக்கு இல்லேயா?"

"நேத்து நெறைஞ்சிருந்துச்சுங்க தொரை. நான்தான் யோசிக்கல."

"பம்பு வேணாம், யாரு சொன்னது?"

"நான்தாங்க."

துரை அவனைப் பார்த்துக்கொண்டே நின்றார். உள்ளேயிருந்து துரைசாணி என்னவோ கேட்டாள், அவர் திரும்பவில்லை. பெட்டிமேல் ஏறிக் குதித்துக்கொண்டிருந்த சின்னப் பெண்ணைக் கையைப் பிடித்து இறக்கிவிட்டார்.

"நாளைக்குப் பயணம் இல்லே. டாங்கி கீழே எறக்கு" என்றார். "ஒன் வேலை, பொறகு பேசுவோம்."

கதவு மூடியது. அந்தப் 'பொறகு' எப்போது என்று அவன் கேட்கவில்லை.

கொட்டகைக்குத் திரும்பினான். வீரய்யா இன்னும் இறங்கவில்லை. இரண்டு கையாலும் சுக்கானைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தான்.

"வண்டி சாய்ஞ்சத ஒன் தங்கச்சிக்கிட்ட சொல்லிறாத மச்சான்" என்றான்.

"சொல்லமாட்டேன்."

மேலே ஏறித் தொட்டியைத் திறந்துவிட வேண்டும். பட்டைகளைக் கழற்ற வேண்டும். சோலைமலை ஏறவில்லை. கதவைத் திறந்து வீரய்யாவின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டான்.