அவன் எங்கள் மாப்பிள்ளை இல்லை

என் அப்பா தீனதயாளன் விழுப்புரம் ஜங்ஷனில் டிக்கெட் கவுன்ட்டரில் இருக்கிறார். மனிதர்களை அவர்கள் போகும் ஊரை வைத்தே ஞாபகம் வைத்திருப்பவர். கல்யாணமான நாளிலிருந்து வாடகை வீடுகளில் குடியிருந்து, விலாசம் எழுதும் இடத்திலெல்லாம் வீட்டுக்காரர் பெயரையும் சேர்த்து எழுதிப் பழகியவர், 2013இல் ஒருவழியாகச் சொந்த வீடு கட்டினார். வாசல் தூணில் கறுப்பு கிரானைட்டில் ‘கலைப்பிரியா இல்லம்’ என்று பொறித்தார். கலைப்பிரியா என் அக்கா. என் பெயர் அருள். அந்தப் பெயரில் மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டிகூட இல்லை என்பதைப் புகார் எதுவும் இல்லாமல் பதிவு செய்கிறேன்.

வீட்டுக்கு ஒரு வயது முடிந்தபோது அப்பா அதன் பிறந்தநாளை ஃபேஸ்புக்கில் கொண்டாடினார். வீட்டு முன்னால் நாங்கள் நான்கு பேரும் வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நிற்கும் படம். அதன் கீழே கதவு எண், தெருப் பெயர், தண்ணி டேங்க்குக்கு எதிர்ச் சந்து, பச்சை கேட். அதற்கும் கீழே, ‘மகள் கலைப்பிரியா எம்.எஸ்சி., பி.எட்., திண்டிவனத்தில் ஆசிரியை. நல்ல வரன் தேவை. நேரில் வரவும்.’ மாவட்டமே உறுப்பினராக இருந்த ஒரு குழுவிலும் அதைப் போட்டார்.

“அட்ரஸ எதுக்குப்பா போட்ட?” என்றாள் அக்கா.

“அட்ரஸ் இல்லாம போட்டா புரோக்கர்னு நெனைச்சுக்குவாங்கம்மா. நாம இன்னா ஓடி ஒளியற ஆளுங்களா?”

நேரில் வந்தார்கள். முதலில் போர்வெல் போடுகிறவர் வந்தார். அடுத்து இன்ஷூரன்ஸ்காரர். கையில் எந்த வரனும் இல்லாத ஒரு பெரியவர் வீட்டு அமைப்பைப் பார்க்க மட்டும் வந்தார். சமையலறை தப்பான மூலையில் இருப்பதற்காக மனம் வருந்தி, இரண்டு தட்டு கேசரி சாப்பிட்டுவிட்டுப் போனார். அம்மா கிருஷ்ணவேணி ஞாயிறு தவறாமல் கேசரி கிளறினாள். ரவை தீர்ந்ததே தவிர வரன் அமையவில்லை.

அப்புறம் சீனுவாசன் வந்தான்.

செஞ்சிப் பக்கம், வல்லத்திலிருந்து. தனியாக. வெள்ளைச் சட்டை, விபூதி, கையில் ஒரு பை பச்சை மல்லாட்டை; எங்கள் பக்கத்தில் வேர்க்கடலைக்கு அதுதான் பெயர். உட்காருவதற்கு முன்பே அப்பாவை ‘மாமா’ என்றான். அக்கா உள்ளே ஒளிந்துகொள்ளவில்லை. நேரே வந்து எதிரில் உட்கார்ந்து பேசினாள்.

“எனக்கு இஷ்டம் இல்லீங்க. தப்பா எடுத்துக்காதீங்க.”

“பரவால்ல, யோசிச்சு சொல்லுங்க.”

“யோசிச்சுதாங்க சொல்றேன்.”

“அவசரமே இல்ல” என்று சிரித்தான் அவன்.

அன்று சாயங்காலம் மல்லாட்டையை உப்புப் போட்டு அவித்துத் தின்றோம். நல்ல மல்லாட்டை. அதில் எந்தக் குறையும் சொல்ல முடியாது.

அடுத்த ஞாயிறு தெருமுனைக்குப் போனேன். கெங்கம்மாள் இட்லிக் கடைக்கு வெளியே, அவர் தன் சொந்தக்காரர்களுக்கு மட்டும் எடுத்துப் போடும் பிளாஸ்டிக் நாற்காலியில் சீனுவாசன் உட்கார்ந்திருந்தான்.

“வா மச்சான்” என்றான் என்னிடம். கல்லூரியில் என்னை எல்லாரும் மச்சான் என்றுதான் கூப்பிடுகிறார்கள். இவன் கூப்பிட்டது அந்த மச்சான் இல்லை.

“இன்னா அருளு, உங்க ஊட்டு மாப்ள இங்க குந்திகினு கீறாரு, நீ பாட்டுக்குப் போய்க்கினே கீற?” என்றார் கெங்கம்மாள்.

“எங்க ஊட்டு மாப்ளயா?”

“பின்ன? தையில கண்ணாலம்னு தம்பி சொல்லிச்சே. பொண்ணுக்குத்தான் கொஞ்சம் வெக்கமாமே.”

சீனுவாசன் வெட்கப்படுவதுபோலத் தலையைக் குனிந்துகொண்டான். அவன் எங்கள் தெருவுக்குள் பூட்டை உடைத்துக்கொண்டு வரவில்லை. கதவு எண் சொன்னான், அப்பா பெயர் சொன்னான், போனில் எங்கள் குடும்பப் படத்தைக் காட்டினான். விலாசம் சரியாக இருந்ததால் மற்றதும் சரியாகத்தான் இருக்கும் என்று தெரு முடிவு செய்துவிட்டது. அக்கா போகும் ரயில், அவள் திரும்பும் நேரம், அப்பாவுக்கு எந்த வாரம் சாயங்கால ட்யூட்டி, அம்மாவின் முழங்கால் வலி, எல்லாவற்றையும் தெரு அவனுக்கு இட்லியோடு வைத்துக் கொடுத்திருந்தது.

வீட்டில் வந்து சொன்னேன். “ஏதோ ஆசையில பேசறான், ரெண்டு வாரத்துல ஓஞ்சு பூடுவான்” என்றார் அப்பா.

வியாழக்கிழமை அக்கா பள்ளியிலிருந்து வந்தவள், செருப்பைக்கூடக் கழற்றாமல் கூடத்தில் உட்கார்ந்தாள்.

“ஸ்டாஃப் ரூமுக்கே வந்துட்டாம்பா.”

யார் என்று வாட்ச்மேன் கேட்டிருக்கிறார். அவன் எங்கள் விலாசத்தை ஒப்பித்திருக்கிறான். அம்மாவின் முழங்கால் வலியைக்கூடச் சொல்லியிருக்கிறான். வாட்ச்மேன் எழுந்து நின்று வழிகாட்டியிருக்கிறார். ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் ஓடிவந்து, “மிஸ், உங்க வீட்டுக்காரரு!” என்றிருக்கிறார்கள்.

“போவறப்போ இன்னா சொல்லிட்டுப் போனான் தெரியுமா? ‘தையோட வேலைய விட்டுடு, வல்லத்துல இருந்து வந்து போறதுக்குத் தூரம்’னு. எல்லா டீச்சருங்களும் கேட்டுகினு இருந்தாங்க.”

அம்மா போய் வாசல் கதவைத் தாழிட்டாள். “நீ வேலைக்கிப் போவ வாணாம்டீ. கொஞ்ச நாளு ஊட்டுலயே இரு.”

“தப்பு பண்ணவன் ரயிலேறி ஊர் ஊரா சுத்துவான், நான் ஊட்டுல குந்தணுமா?”

“உன் நல்லதுக்குத்தானடீ சொல்றேன்.”

“அவனும் அதத்தாம்மா சொல்லுவான்.”

அப்பா போனை என்னிடம் நீட்டினார். பதிவை அழித்தேன். அழித்த பிறகு தேடிப் பார்த்தோம். ஏதோ ஒரு கல்யாண மாலைப் பக்கம் அதை அப்படியே எடுத்து, சுற்றிலும் ரோஜாப்பூ பார்டர் கட்டிப் போட்டிருந்தது.

“இதையும் அழிடா.”

“இது நம்ம கையில இல்லப்பா. எழுதிக் கேட்டுப் பாக்கறேன்.”

“நம்ம ஊடுதானடா அது?” என்றார் அப்பா. கேள்வி என்னைப் பார்த்துத்தான் கேட்கப்பட்டது. பி.காம். இரண்டாம் வருடத்தில் அந்தப் பாடம் இன்னும் வரவில்லை.

மறுநாள் காலையில் பார்த்தால் தூணில் கிரானைட்டுக்கு மேல் அப்பாவின் பழைய வேட்டி கட்டியிருந்தது. அவரே ஏணி போட்டுக் கட்டியிருக்கிறார். வீடு பல்வலிக்காரர் தாடையில் துணி சுற்றியதுபோல நின்றது. லீவு போட்டிருந்த அக்கா கேட்டருகே வந்து அதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு சிரித்துவிட்டாள்.

“தூணுக்கு வேட்டி கட்டிட்ட. அட்ரஸ்ல போட்ட தண்ணி டேங்க்குக்கு இன்னாப்பா கட்டுவ?”

அப்பாவும் சிரிக்கப் பார்த்தார். வாய் கோணிக்கொண்டு வேறு எங்கோ போய்விட்டது. அக்கா அவர் கையைப் பிடித்துப் படியில் உட்கார வைத்தாள்.

“அவன் நமக்கு யாருமில்லன்னு நீ தெருவுல சொல்லணும்பா. நான் சொன்னா, பொண்ணு வெக்கப்படுதும்பாங்க.”

“பொம்பளப்புள்ள பேர ஊடு ஊடா நானே எடுத்துகினு போறதாம்மா?”

“ஏற்கெனவே ஊர் பூரா எடுத்துகினு போயிட்டியேப்பா” என்றாள் அவள். அதில் கோபம் இல்லை. அவர் தோளில் ஒட்டியிருந்த சுண்ணாம்பைத் தட்டிவிட்டுக்கொண்டேதான் சொன்னாள்.

கிரகப்பிரவேசத்துக்கு அப்பா இதே தெருவில் வெற்றிலை, குங்குமம், பத்திரிகை வைத்த தாம்பூலத் தட்டோடு வீடு வீடாகப் போனவர். இந்த முறை தட்டு இல்லை. கைகளை என்ன செய்வதென்று தெரியாமல் முதலில் கட்டிக்கொண்டார், பிறகு பின்னால் வைத்துக்கொண்டார். அக்காவும் நானும் கூடப் போனோம். மூன்று பேரும் குடும்பமாக வருவதைப் பார்த்ததும் பக்கத்து வீட்டுச் செண்பகம் அக்கா முகமெல்லாம் மலர்ந்து கதவைத் திறந்தார்.

“வாங்க சார், பத்திரிகையா? எந்த மண்டபம்?”

அப்பா மழையிலிருந்து ஆரம்பித்தார். பிறகு கரண்ட் கட். பிறகு வேலூர் பாசஞ்சர் லேட்டாவது. அக்கா அவர் முழங்கையை மெல்லத் தொட்டாள்.

“கல்யாணம் இல்லம்மா” என்றார் அப்பா. “அந்தப் பையன் எங்களுக்கு யாருமில்ல. இவளுக்கு இஷ்டமில்லன்னு அன்னிக்கே சொல்லிட்டோம். இப்ப தொந்தரவு பண்ணிகினு இருக்கறான்.”

இரண்டாவது வீட்டில் மழையோடு முன்னுரையை முடித்துக்கொண்டார். ஐந்தாவது வீட்டிலிருந்து நேராக விஷயத்துக்கு வந்துவிட்டார். கடைசியில் கெங்கம்மாள் கடை. கேட்டதும் அவர் அடுப்பைத் தணித்தார். மாவுக் கையோடு அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

“எந்த ரயிலுன்னு நான்தான் கண்ணு சொன்னேன். கேக்காமலேயே சொன்னேன். சட்னி வேற ரெண்டாந்தபா ஊத்துனேனே அந்தப் பாவிக்கி!”

“உன்ன சொல்லி இன்னா கெங்கம்மா” என்றார் அப்பா. “ஊட்டுக்கு வழி சொன்னது நானு.”

அங்கிருந்து மகளிர் காவல் நிலையம். புகாரை எழுதி வாங்கிக்கொண்ட பெண் போலீஸ், விலாசம் அவனுக்கு எப்படிக் கிடைத்தது என்று கேட்டார். அப்பா தயங்காமல் சொன்னார். ஏழெட்டு வீடு ஏறி இறங்கியதில் பழகியிருந்தது. பள்ளித் தலைமையாசிரியரிடமும் அவரே போனில் பேசினார்.

ஞாயிற்றுக்கிழமை சீனுவாசன் வந்தான். பையும் கொண்டுவந்தான். நாற்காலி வெளியே இல்லை.

“யாரு ஊட்டுக்கு?” என்றார் கெங்கம்மாள்.

“இன்னாக்கா, தெரியாத மாதிரி கேக்கறீங்க? மாமா ஊட்டுக்குத்தான்.”

“இந்தத் தெருவுல உனக்கு மாமன் யாருமில்லியே.”

அவன் சிரித்துக்கொண்டே நடந்தான். செண்பகம் அக்கா மாடியிலிருந்து, “யாருங்க வேணும்?” என்றார். எதிர்வீட்டுக்காரர் ஸ்கூட்டரைத் துடைப்பதை நிறுத்திவிட்டு, “இன்னா விஷயம்?” என்றார். ஒவ்வொரு வாசலிலும் ஒரு கேள்வி. யாரும் அவன்மேல் கை வைக்கவில்லை, சத்தம்கூடப் போடவில்லை. எங்கள் கேட்டுக்கு வருவதற்குள் அவன் முகத்தில் சிரிப்பு வற்றிப்போயிருந்தது. கெங்கம்மாள் போன் போட, இரண்டு பெண் போலீஸ் வந்து அழைத்துப் போனார்கள். அவன் அண்ணன் வந்து, இனிமேல் வரமாட்டான் என்று எழுதிக் கொடுத்துக் கூட்டிப் போனார். வரமாட்டான் என்றுதான் நினைக்கிறோம். ரோஜாப்பூ பார்டருக்கு நடுவே எங்கள் வீடு இன்னும் இருக்கிறது. நான் எழுதிக் கேட்டுக்கொண்டே இருக்கிறேன்.

திங்கட்கிழமை காலையில் அக்கா கிளம்பினாள். அம்மா டிபன் பாக்ஸைக் கொடுக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள். அக்காதான் அதை மெதுவாக வாங்கிக்கொண்டாள். ஸ்டேஷன் வரை நான் போனேன். அப்பாவுக்குக் காலை ட்யூட்டி. அவர் கவுன்ட்டர் முன்னால்தான் நீளமான வரிசை.

“அந்தக் கவுன்ட்டர்ல கூட்டமே இல்லக்கா.”

“தெரியும்டா.”

அவள் முறை வந்தது. அப்பா தலை நிமிராமல், “எங்க?” என்றார்.

“திண்டிவனம். சீசன்.”

அப்பா நிமிர்ந்தார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒருவர், இந்தப் பக்கம் ஒருவர்.

“ஒரு மாசத்துக்கா?” என்றார். குரல் கவுன்ட்டர் குரல் இல்லை.

“மூணு மாசத்துக்கு.”

விசைப்பலகைமேல் அவர் விரல்கள் நின்றன. பின்னாலிருந்து ஒருவர், “சார், ஜல்தி சார், வண்டி வந்துடும்” என்றார். அப்பா அடித்தார். மெஷின் கரகரவென்று சீட்டைத் துப்பியது. அதை வெளியே தள்ளியவர் விடவில்லை. ஒரு முனை அவர் விரலில், மறுமுனை அக்கா விரலில்.

“எந்தப் பொட்டியிலம்மா ஏறுவ?” என்று மெதுவாகக் கேட்டார்.

“அத யாருக்கும் சொல்ல மாட்டேன்.”

அப்பா ஒரு நொடி திகைத்தார். அப்புறம், வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்க்கும் அளவுக்குச் சத்தமாகச் சிரித்துச் சீட்டை விட்டார்.