எண்பத்து மூன்று லட்சம் புள்ளிகள்

அந்த மானிட்டர் ஏழு மாதமாகக் கம்ப்யூட்டர் கடையில் கிடந்தது. போட்டோ ஸ்டூடியோக்காரர் ஒருவர் கேட்டாரென்று பாலமணிகண்டன் மதுரையிலிருந்து வரவழைத்தது அது. பெட்டி வந்து இறங்கிய வாரத்திலேயே அவர் ஸ்டூடியோவை மூடிவிட்டு மகளோடு ஓசூருக்குப் போய்விட்டார். முப்பத்திரண்டு அங்குலம், 4கே. அருப்புக்கோட்டையில் அதை யார் வாங்குவார்கள்? பில் போடும் கடைகளுக்கும் கல்லூரிப் பிள்ளைகளுக்கும் சாதாரணத் திரையே தாராளம். மொத்த வியாபாரியும் திருப்பி எடுக்க மாட்டேன் என்று கைவிரித்துவிட்டார். ஷட்டரைத் தூக்கும் ஒவ்வொரு காலையிலும் அந்த அட்டைப்பெட்டிதான் முதலில் அவன் கண்ணில் பட்டது.

அனுசியா வந்தது ஆவணி தொடக்கத்தில் ஒரு வெள்ளிக்கிழமை. திருச்சுழிக்குத் தெற்கே ஒரு கிராமம் அவளுடையது. அப்பா இல்லை. அம்மா மாரிக்கனி நூறு நாள் வேலைக்கும், வேலை கிடைத்தால் களையெடுப்புக்கும் போகிறவள். அனுசியா நூற்பு மில்லில் நூலின் தரம் பார்க்கும் பிரிவில் இருந்தாள். இருபத்து மூன்று வயது. நான்கு மாதத்துக்கு முன்னால் ஆன்லைன் கேம் ஆடுவதற்கென்றே ஒரு கம்ப்யூட்டர் வேண்டும் என்று வந்து நின்றபோது பாலமணிகண்டன் அவளை ஒரு தடவைக்கு இரண்டு தடவை பார்த்தான். அவள் கேட்ட பாகங்களையெல்லாம் வாங்கிச் சேர்த்துக் கட்டிக் கொடுத்தான். அன்று மானிட்டர் வாங்கப் பணம் மிச்சம் இல்லாததால், மில் ஆபீஸில் கழித்துப்போட்ட பழைய திரை ஒன்றை வைத்துதான் ஆடிக்கொண்டிருந்தாள்.

அந்தப் பழைய திரையிலேயே ஆடி ஓர் அணியில் இடம் பிடித்திருந்தாள். ஐந்து பெண்கள். துப்பாக்கிச் சண்டை ஆட்டம். கோயம்புத்தூர் ராஜேஸ்வரி அணித்தலைவி. புரட்டாசிக் கடைசியில் பெண்களுக்கான மாநிலப் போட்டி.

"அண்ணே, இருபத்தேழு இஞ்சுல 1440 ரெசல்யூஷன் உள்ளது வேணும். என் கார்டுக்கு அதுதான் தோதுன்னு எங்க டீம்ல சொல்றாங்க."

அணியில் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. அது பாலமணிகண்டனுக்கு நன்றாகவே தெரியும். திரையில் தெரியும் படத்தைப் புள்ளி புள்ளியாக வரைந்து கொடுப்பது கிராபிக்ஸ் கார்டு. 1440 திரைக்கு முப்பத்தேழு லட்சம் புள்ளி. 4கே திரைக்கு எண்பத்து மூன்று லட்சம். அவளுடைய நடுத்தரக் கார்டு முப்பத்தேழு லட்சத்தை வேகமாக வரைந்து தள்ளும். எண்பத்து மூன்று லட்சத்தைக் கொடுத்தால் மூச்சு வாங்கும். ரெசல்யூஷனைக் குறைத்து வைத்து ஆடினாலும், கடையில் கிடந்த அந்த மானிட்டர் நொடிக்கு அறுபது படத்துக்கு மேல் காட்டாது. போட்டி ஆடுகிறவர்களுக்கு அதைப்போல இரண்டு மடங்காவது வேண்டும். சாப்பாட்டுக் கடைக்காரனுக்கு உப்பு தெரிவதுபோல இதெல்லாம் அவனுக்குத் தெரிந்த கணக்கு.

அவள் கேட்டது அன்று கடையில் இல்லை. மதுரைக்குச் சொன்னால் இரண்டு நாளில் வந்துவிடும். அதைச் சொல்லத்தான் வாயெடுத்தான். அதற்குள் கை அந்தப் பெட்டியின் பக்கம் நீண்டுவிட்டது.

"1440 எல்லாம் பழசாயிருச்சு தங்கச்சி. இங்க ஒண்ணு இருக்கு, பாரு."

பெட்டியைப் பிரித்து மேசைமேல் தூக்கி வைத்து ஒரு வீடியோவைப் போட்டான். மரங்கொத்தி ஒன்று திரையில் வந்து உட்கார்ந்தது. கழுத்து இறகை ஒவ்வொன்றாக எண்ணலாம்போல இருந்தது. அனுசியா வாயைத் திறந்தபடி பார்த்தாள். ஆனாலும் அவள் ஏமாளி இல்லை.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா என் கார்டு இதைத் தாங்குமாண்ணே? இழுக்காதுல்ல?"

நேருக்கு நேராகக் கேட்ட கேள்வி. அவன் மரங்கொத்தியைப் பார்த்துக்கொண்டே, "எல்லாம் தாங்கும்மா. கட்டிக் குடுத்தவன் நான், எனக்குத் தெரியாதா?" என்றான்.

அதற்குமேல் அவள் ஒன்றும் கேட்கவில்லை. அதிக விலைக்குக் கையிருப்பு பத்தாமல், மீதியை மறுவாரம் தருகிறேன் என்று சொல்லி, பழைய திரையையும் காயலான் கடையில் போட்டுக் காசு சேர்த்து, சொன்னபடியே கொண்டுவந்து கொடுத்தாள்.

பத்து நாளில் போன் வந்தது. "அண்ணே, ஆள் ஓடி வர்றது விட்டு விட்டுத் தெரியுது. நான் சுடுறதுக்குள்ள என்னைச் சுட்டுர்றாங்க."

"உங்க ஊரு நெட்டு அப்படியிருக்கும்மா" என்றான் பாலமணிகண்டன். யோசிக்காமலே வந்துவிட்டது பதில்.

அவள் நெட்டை மாற்றினாள். திருச்சுழியிலிருந்து தனியாக கேபிள் இழுக்கச் சொல்லி, அதற்கு ஒரு மாதச் சம்பளத்தில் பாதி போயிற்று. அப்புறம் மறுபடியும் போன்.

"இம்புட்டுக் காசு குடுத்துக் கேபிள் இழுத்தும் அப்படியேதாண்ணே இருக்கு."

"பெரிய திரைல்ல? கண்ணு பழகணும். பழகப் பழகச் சரியாப்போகும்."

அதன்பிறகு அவள் போன் செய்யவில்லை. பழகிவிட்டாள்போல என்று அவன் தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். அடுத்தடுத்து வேலைகள் வந்தன. பெட்டி கிடந்த இடத்தில் பிரிண்டர் ஒன்றை வைத்தான். அந்தப் பக்கம் பார்க்காமலிருக்கப் பழகிக்கொண்டதும் அவன்தான்.

புரட்டாசி பாதியில் ஒரு மத்தியானம் மாரிக்கனி கடைக்கு வந்தாள். கம்ப்யூட்டரை எடுத்துப்போக மகளோடு வந்தவள் என்பதால் முகம் தெரியும். போன் சார்ஜர் ஒன்று கேட்டாள். அவன் எடுத்துக் கொடுத்ததும் வாங்கிக்கொண்டு போகாமல் நின்றாள்.

"தம்பி, உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். கம்ப்யூட்டர் பார்த்தா கண்ணு மங்கிப் போகுமா?"

"ஏம்மா, என்னாச்சு?"

"பிள்ளைக்குக் கண்ணுல ஏதோ கோளாறுன்னு மதுரைக்குக் கூட்டிட்டுப் போனேன். ரெண்டு தடவ. சொட்டு மருந்து ஊத்தி, லைட்டு அடிச்சுப் பார்த்தாக. ஒரு குறையுமில்லைன்னுட்டாக. அப்ப என் கைதாம்மா மந்தம்னு சொல்லி அழுவுறா. அந்தப் பிள்ளைகளும் இவளை வேண்டாம்னுட்டாளுகளாம். மில்லுக்குப் போறா, வாரா. சரியாச் சோறு திங்க மாட்டேங்கா."

பாலமணிகண்டன் சார்ஜருக்குச் சில்லறை எண்ணிக் கொடுத்தான். தப்பாக எண்ணினான், பத்து ரூபாய் கூடப் போய்விட்டது. மாரிக்கனிதான் அதைத் திருப்பிக் கொடுத்தாள். "நீங்க நல்லா வருவீக தம்பி. கண்ணுக்குக் குளுமையா ஏதாவது கண்ணாடி கிண்ணாடி இருந்தா அவளுக்குச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்கு நடந்தாள்.

அன்று மத்தியானம் அவனுக்குச் சோறு இறங்கவில்லை. மனைவி காளீஸ்வரி தட்டைப் பார்த்துவிட்டு, வீட்டில் பேசும் கன்னடத்தில் என்ன விஷயம் என்று கேட்டாள். சொன்னான். பாதி சொல்லும்போதே மீதியை அவள் புரிந்துகொண்டாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தான். திட்டியிருந்தால் தேவலை. "தாங்குமான்னு அந்தப் பிள்ளை உன்கிட்டக் கேட்டாளா, கேக்கலையா?" என்று மட்டும் கேட்டாள்.

"கேட்டா."

காளீஸ்வரி தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

மதுரைக்குப் போன் போட்டு 1440 மானிட்டர் ஒன்றை பஸ் பார்சலில் வரவழைத்தான். நொடிக்கு நூற்று அறுபத்தைந்து படம் காட்டுவது. வெள்ளிக்கிழமை அனுசியாவுக்கு மில் விடுமுறை. கடையைப் பூட்டிவிட்டு, பெட்டியை பைக்கில் கட்டிக்கொண்டு கிளம்பினான். உழுதுபோட்ட கரிசல் காடுகள் மழைக்காக வாய் பிளந்து கிடந்தன. வழியெல்லாம் என்ன சொல்வது என்று பலவிதமாகச் சொல்லிப் பார்த்தான். கம்பெனியிலிருந்து மாற்றித் தரச் சொல்கிறார்கள் என்று சொல்லிவிடலாம். ஆபர் என்றும் சொல்லலாம். திருச்சுழி தாண்டும்போது ஆபர் என்றே முடிவாகியிருந்தது.

வாசலில் அவனைப் பார்த்ததும் மாரிக்கனிக்கு வாயெல்லாம் பல். "பிள்ளைக்காக இம்புட்டுத் தூரம் வெயில்ல வந்திருக்கீகளே" என்று சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள். அனுசியா இளைத்திருந்தாள். கம்ப்யூட்டரின்மேல் ஒரு துண்டு போர்த்திக் கிடந்தது.

"கம்பெனியில ஒரு ஆபர் போட்டிருக்கான் தங்கச்சி. பழசைக் குடுத்தா இதைத் தாரான்" என்றபடி பெட்டியைப் பிரித்தான்.

மாட்டி முடித்து, ஆட்டத்தைப் போடச் சொன்னான். வேண்டா வெறுப்பாக உட்கார்ந்தாள். முதல் ஒரு நிமிடம்தான். பிறகு முதுகு நிமிர்ந்தது. சுவர் ஓரத்திலிருந்து ஓடிவந்த ஆளைச் சுட்டாள். படிக்கட்டில் இறங்கினவனைச் சுட்டாள். திரும்பிய வேகத்தில் பின்னால் நின்றவனையும் சுட்டாள். பாலமணிகண்டன் அவள் விரல்களையே பார்த்துக்கொண்டு நின்றான். இந்தக் கையைத்தான் மந்தமென்று நினைத்து அழுதிருக்கிறாள்.

ஆட்டம் முடிந்ததும் அவள் மவுஸிலிருந்து கையை எடுத்தாள். திரும்பவில்லை. புதுத் திரையைப் பார்த்தபடியே கேட்டாள்.

"அண்ணே, இது அன்னைக்கே உங்களுக்குத் தெரியுமா?"

ஆபர் என்ற சொல் மறுபடி நாக்குவரை வந்தது. அவன் அதை விழுங்கினான்.

"தெரியும்மா."

"நெட்டுன்னு சொன்னீங்களே, அப்பவும் தெரியுமா?"

"அப்பவும் தெரியும். ஏழு மாசமா விக்காமக் கிடந்துச்சு. உன் தலையில கட்டிட்டேன். ஆபரும் கிடையாது, ஒண்ணும் கிடையாது. தப்பு என்னோடது."

விலை வித்தியாசத்தையும் கேபிளுக்கு ஆன செலவையும் போட்டு வைத்திருந்த கவரை மேசைமேல் வைத்தான். அவள் அதைத் தொடவில்லை. போனை எடுத்து ஒரு நம்பரைப் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள்.

"ராஜேஸ்வரிக்கா, மானிட்டர் வித்த அண்ணன் பேசுறாங்க. கேளுங்க." போனை அவன் பக்கம் நீட்டினாள். "என்கிட்டச் சொன்னதை அவங்ககிட்டயும் சொல்லுங்கண்ணே."

முன்பின் பார்த்திராத பெண்ணிடம் அவன் சொன்னான். தடுமாறித் தடுமாறிச் சொன்னான். அந்தக் கார்டுக்கு அந்த ரெசல்யூஷன் பொருந்தாது என்று தெரிந்தே விற்றேன், அவள் கையிலும் கண்ணிலும் ஒரு குறையும் இல்லை என்று சொன்னான்.

"அனு, ஸாரிடி" என்றாள் ராஜேஸ்வரி. "நாங்களும் உன்னை என்னென்னமோ சொல்லிட்டோம். ஆனா பேரு குடுத்து முடிச்சாச்சு. உன் இடத்துல வேற பொண்ணு வந்துட்டா. இந்த வருஷம் ஒண்ணும் பண்ண முடியாது."

"தெரியும்க்கா. நீங்க தெரிஞ்சுக்கிட்டா போதும்னுதான் பேசச் சொன்னேன்" என்று அனுசியா போனை வைத்தாள்.

வாசற்படியில் மாரிக்கனி டீ டம்ளரோடு நின்றுகொண்டிருந்தாள். ரெசல்யூஷன், கார்டு எதுவும் அவளுக்குப் புரிந்திருக்காது. ஒன்று மட்டும் புரிந்திருந்தது.

"அப்ப பிள்ளை கண்ணு நல்லாத்தான் இருந்துச்சா தம்பி?"

"நல்லாத்தான் இருந்துச்சும்மா."

"ரெண்டு தடவ மதுரைக்குப் போனோமே" என்றாள் அவள். கோபமாகச் சொல்லவில்லை. எங்கோ தவறிப்போன ஒன்றைத் தேடுகிறவள்போலச் சொன்னாள். டீயை அவன் கையில் கொடுக்காமல் பக்கத்திலிருந்த ஸ்டூலில் வைத்துவிட்டு வெளியே போனாள். அவன் அதைக் குடித்தான். குடிக்காமல் எழுந்துபோக அவனுக்குத் தைரியம் வரவில்லை.

கிளம்பும்போது அனுசியா அந்த 4கே மானிட்டரைப் பெட்டிக்குள் வைத்து ஒட்டி, பைக்கில் கட்டவும் ஒரு கை பிடித்தாள். கயிற்றை இறுக்கியபடி, "கவர்ல உள்ள காசை எடுத்துக்கிறேண்ணே. மதுரைக்குப் போன பஸ் காசையும் நீங்கதான் தரணும்" என்றாள். அதையும் கொடுத்தான். கொடுத்த பிறகு எதுவும் இலேசாகவில்லை.

ஐப்பசியில் நல்ல மழை பெய்தது. கார்த்திகையில் ஒரு நாள் அனுசியா கடைக்கு வந்தாள். இனி இந்தப் பக்கமே வரமாட்டாள் என்று நினைத்திருந்த பாலமணிகண்டன் பதறி எழுந்து நின்றான். விருதுநகர், சிவகாசிப் பெண்கள் சேர்ந்த புது அணி ஒன்றில் மாற்று ஆட்டக்காரியாக எடுத்திருக்கிறார்களாம். கீபோர்டு ஒன்று வேண்டுமாம்.

இரண்டு எடுத்து வைத்தான். எது நல்லது என்று அவள் அவனிடம் கேட்கவில்லை. பெட்டியைப் பிரித்து, கடைக் கம்ப்யூட்டரில் மாட்டி, ஒவ்வொரு பொத்தானாக அழுத்திப் பார்த்தாள். பிறகு பெட்டியின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் அச்சடித்திருந்ததை முதல் வரியிலிருந்து படிக்க ஆரம்பித்தாள். அடுத்து வந்தவர் பென் டிரைவ் கேட்டார். பாலமணிகண்டன் அவரைச் சற்றுப் பொறுக்கச் சொல்லிவிட்டு, அவள் படித்து முடிக்கும்வரை நின்றுகொண்டிருந்தான்.