முதல் சத்தம்

அன்று எங்கள் சின்ன விமான மைதானத்தில் இருந்தவர்கள்: நொலீன் டிரெஸைஸ், விமானத்தைக் கட்டியவள். கர்ட் கோவால்ட், கோதுமை விவசாயி, ஏற்கெனவே மூன்று விமானம் கட்டிப் பறந்தவன். அவன் எது சொன்னாலும் தலையாட்டும் பாஸ்கோ. தானியக் கிடங்கின் இரவு வேலையைப் பாதியில் விட்டுவிட்டு, பகலை என்ன செய்வதென்று தெரியாமல் நொலீனுக்கு ஸ்பானர் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்த நான். மற்றபடி, கிளப் வாசலில் அடுப்பு மூட்டிச் சுடும் சாசேஜ் தின்ன வந்த பத்துப் பன்னிரண்டு பேர்.

சொந்தமாகக் கட்டிய விமானத்தில் யாராவது முதன்முறையாக என்ஜினைக் கிளப்பினால், எங்கள் மைதானத்தில் எல்லோரும் கூடிவிடுவார்கள். அதற்கு ‘முதல் சத்தம்’ என்று பெயர். என்ஜின் மூடியைக் கழற்றிப் புல்லில் வைப்பார்கள். மூக்கைக் கிளப் கட்டடத்தைப் பார்த்துத் திருப்புவார்கள், நிழலில் நிற்பவர்களுக்கு என்ஜின் தெரியவேண்டும் என்று. காற்று எந்தப் பக்கம் அடித்தாலும் சரி. பிறகு நன்றாக உறுமவிட்டுக் கைதட்டுவார்கள்.

நொலீனுக்கு இடது கண் போய்க்கொண்டிருந்தது. விமானி உரிமத்துக்காக மார்ச்சில் மறுபடி கண் சோதனை. அதில் தேற மாட்டாள் என்று மருத்துவர் மறைக்காமல் சொல்லிவிட்டார். அவளைக் காரில் மருத்துவரிடம் அழைத்துப் போனவன் கோவால்ட்தான். அப்போது ஜனவரிக் கடைசி, எங்கள் பக்கத்தில் கடுங்கோடை. தரையில் என்ஜின் ஒழுங்காக ஓடி, பரிசோதகர் வந்து பார்த்துக் கையெழுத்துப் போட்டால் பிப்ரவரியில் அவள் பறக்கலாம். தவறினால் அந்த விமானத்தில் அவள் பறக்கவே போவதில்லை. அவ்வளவுதான் விஷயம்.

“மூடியைக் கழட்டு, நொலீன்,” என்றான் கோவால்ட். “கல்யாணத்துக்கு வந்தவங்களுக்குப் பொண்ணு மூஞ்சியக் காட்ட வேண்டாமா?”

“மூடி இருக்கும். மூக்கும் காத்தைப் பாத்துத்தான் இருக்கும்.”

“அப்படி நிறுத்தினா புழுதி பூரா அடுப்புலதான் வந்து விழும்.”

“தக்காளி சாஸ் ஊத்திக்கோ. தெரியாது.”

கூட்டம் சிரித்தது. கோவால்டுக்கு அது பிடிக்கவில்லை.

“வெயில் முப்பத்தேழு டிகிரி. இதுல மூடி வேற போட்டா வெந்துரும். உன்னைக் கம்பளிச் சட்டை போட்டு வெயில்ல நிக்க வெச்சா எப்படி இருக்கும்? நான் மூணு கட்டினவன், சொல்றதக் கேளு.”

“நீ கட்டின மூணுலயும் சூட்டைத் தண்ணி எடுத்துட்டுப் போயிரும், கர்ட். இது காத்துல ஆறுற என்ஜின். மூடி இருந்தாத்தான் காத்து முன்னால இருக்குற ஓட்டைல நுழைஞ்சு சிலிண்டர் இடுக்குல இறங்கும். கழட்டிட்டா அது பாட்டுக்கு மேலால போயிரும்.”

“புத்தகத்துல படிச்சியாக்கும்?”

“ஆமா. உனக்கும் ஒண்ணு வாங்கித் தரவா, படம் போட்டது?”

வடக்கிலிருந்து சூடான காற்று அடித்துக்கொண்டிருந்தது. மூக்கை அதைப் பார்த்துத் திருப்பினோம். வால் கிளப் கட்டடத்தின் பக்கம் வந்தது. சக்கரங்களுக்கு முன்னால் கட்டை வைத்துவிட்டு, தீயணைப்பு உருளையைப் பிடித்துக்கொண்டு இறக்கை ஓரமாக நின்றேன். நொலீன் ஏறி உட்கார்ந்து, நாலு சிலிண்டருக்கும் தனித்தனியாக இருந்த சூட்டு முள்களை ஒருமுறை பார்த்துவிட்டு ஸ்டார்ட் செய்தாள்.

என்ஜின் உடனே கிளம்பியது. புழுதி எழும்பிக் கட்டடத்தை மூடியது. பின்னால் யாரோ கெட்ட வார்த்தையில் திட்டினார்கள். நொலீன் முள்களிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. வலது பின் சிலிண்டரின் முள்தான் மற்றவற்றை முந்தி ஏறியது. அது சிவப்புக் கோட்டை நெருங்குவதற்கு வெகு முன்பே நிறுத்திவிட்டாள்.

“அவ்வளவுதானா?” என்று பாஸ்கோ கத்தினான். “எங்க வீட்டுப் புல்லு வெட்டுற மிஷினே இதைவிட ஜாஸ்தி நேரம் ஓடும்!”

“உன் புல்லு மிஷின்ல நீ பறந்து காட்டு, நான் கைதட்டுறேன்.”

அவள் முகத்தில் சந்தோஷம் தெரிந்தது. அதற்கு முன்னால் நான் அதை அதிகம் பார்த்ததில்லை. மூடியில் எண்ணெய் ஊற்றுவதற்காக இருந்த சின்னக் கதவைத் திறந்துவிட்டாள். அதன் வழியாக அனல் எழும்பியது.

“நிறுத்தின பிறகுதான் உள்ள சூடு ஏறும்,” என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னாள். “சிலிண்டர் மேல கைய வெச்சா, எடுக்காம அப்படியே வெச்சிருக்க முடியணும். அப்புறம்தான் அடுத்த ஓட்டம். அதுவரைக்கும் யாரும் தொடாதீங்க.”

அடுப்பில் இருந்த சாசேஜ் முழுக்கச் செம்மண். பதிலுக்கு வேறு கொண்டுவருவதாகச் சொன்னாள். எரிபொருள் கொட்டகைக்குப் பின்னால் நின்ற அவளுடைய வண்டியில் குளிர்பெட்டி இருந்தது. ஒருத்தியால் தூக்க முடியாது என்பதால் நானும் போனேன். பெட்டியை இறக்கி, உருகிய ஐஸ் தண்ணீரைக் கொட்டிக்கொண்டிருந்தபோது என்ஜின் சத்தம் கேட்டது.

பெட்டியை அப்படியே போட்டுவிட்டு ஓடினாள்.

விமானத்தைத் திருப்பியிருந்தார்கள். மூக்கு கட்டடத்தைப் பார்த்து, முதுகு காற்றுக்கு. மூடி புல்லில் மல்லாந்து கிடந்தது. பாஸ்கோ வாலைப் பிடித்துக்கொண்டிருந்தான். ஆளாளுக்கு போனில் படம் எடுத்தார்கள். உள்ளே கோவால்ட். நொலீன் கையை வீசி நிறுத்தச் சொன்னாள். உற்சாகத்தில் ஆட்டுகிறாள் என்று நினைத்தானோ என்னவோ, கட்டைவிரலை உயர்த்திக் காட்டிவிட்டு இன்னும் கொஞ்சம் முறுக்கினான். அவள் பின்பக்கமாகச் சுற்றிப் போய், இறக்கையில் ஏறி, அவன் மடியைத் தாண்டிக் கைவிட்டுச் சுவிட்சுகளை அணைத்தாள்.

சத்தம் நின்றது. காய்ந்த எண்ணெய் கருகும் நாற்றம் வந்தது. வலது பின் சிலிண்டரின் முள் சிவப்புக் கோட்டைத் தாண்டி நின்றது. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இன்னும் ஏறியது.

“மூடியக் கழட்டினா சீக்கிரம் ஆறும்னுதான் கழட்டினேன்,” என்றான் கோவால்ட். “அப்புறம் பசங்க சத்தம் கேக்கணும்னாங்க. சத்தம் வெண்ணெய் மாதிரி இருந்துச்சும்மா. நான் முள்ளையெல்லாம் பாக்குறதில்ல, எனக்குக் காது போதும்.”

“எவ்வளவு நேரம் ஓட்டினே?”

பாஸ்கோதான் சொன்னான்: “ஒரு தட்டு வெங்காயம் வதங்குற நேரம் இருக்கும்.”

நானும் அவளும் விமானத்தைத் தள்ளி அவளுடைய விமானக் கொட்டகைக்குள் கொண்டுபோய் நிறுத்திப் பெரிய கதவுகளை இழுத்து மூடினோம். உதவ வந்தவர்களை வேண்டாம் என்றாள். கொஞ்ச நேரத்தில் ஆட்கள் கலைந்தார்கள். கார்கள் ஒவ்வொன்றாகக் கிளம்பும் சத்தம் கேட்டது.

சாயங்காலம் என்ஜின் ஆறியது. சுவிட்சுகள் அணைந்திருக்கின்றனவா என்று இரண்டு தடவை பார்த்துவிட்டு, புரொப்பெல்லரைக் கையால் மெதுவாகச் சுற்றினாள். நல்ல என்ஜினில் ஒவ்வொரு சிலிண்டரும் கையைத் திருப்பித் தள்ளும். முதலாவது தள்ளியது. இரண்டாவதும் தள்ளியது. மூன்றாவது ஈரத்துணி மாதிரி வழிவிட்டது. நாலாவது தள்ளியது. மறுபடி சுற்றினாள். மறுபடியும் அப்படியே. நான் புகைக்குழாயில் காதை வைத்துக் கேட்டேன். மூன்றாவதின் முறை வரும்போது உள்ளே உஸ்ஸென்று காற்று கசிந்தது.

“வலது பின் சிலிண்டர் வால்வு. வெந்து கசியுது,” என்றேன்.

“தெரியுது.”

பக்கக் கதவில் கோவால்ட் நின்றுகொண்டிருந்தான். கையில் ஒரு தட்டு. அதில் ரொட்டி, சாசேஜ், மேலே வெள்ளித்தாள்.

“நீ ஒண்ணும் சாப்பிடல,” என்றான். பிறகு உள்ளே வந்தான். “ஒரு வால்வுதானே நொலீன். சிலிண்டரையே புதுசா வரவழைச்சுடறேன். நானே மாட்டித் தரேன்.”

“எப்ப வரும்?”

“அது கப்பல்ல வரணும், அப்புறம் சுங்கம்…”

“எப்ப, கர்ட்?”

“ஏப்ரல்,” என்றான்.

சொன்ன பிறகுதான் அவனுக்கு உறைத்தது. தட்டை எங்கே வைப்பது என்று தெரியாமல் ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினான். கெட்டவன் இல்லை அவன். அது எதற்கும் உதவவில்லை.

“நான் ஓட்டறேன்,” என்றான். “நீ பக்கத்துல உக்காந்துக்கோ. எங்க போகணுமோ சொல்லு, கடல் வரைக்கும் போலாம்.”

“இது ஒத்தை சீட்டு விமானம், கர்ட். மதியம் நீதானே உள்ள உக்காந்திருந்தே.”

அவன் அந்த ஒற்றை இருக்கையை எட்டிப் பார்த்தான்.

“வெளிய போ,” என்றாள்.

“நொலீன்…”

“தட்டையும் எடுத்துக்கிட்டுப் போ.”

அவன் போனான். வாசலைத் தாண்டியதும் நின்று திரும்பிப் பார்த்தான். அவள் கதவைச் சாத்தினாள். உள்பக்கத் தாழ்ப்பாளைத் தள்ளி, பூட்டையும் மாட்டி அழுத்தினாள்.